குலுக்கலில் கலையும் அக்கம்பக்கம்

வீடிழந்தோருக்கு மாற்று வீடு வழங்கும்போது அண்டை அயலாரை ஒரே இடத்தில் சேர்த்துக் குடியமர்த்துவதா, வரிசை எண்ணையோ குலுக்கலையோ கொண்டு தனித்தனியே ஒதுக்குவதா என்ற கேள்வி, பார்வைக்கு வீட்டுவசதித் துறையின் நடைமுறை நுணுக்கமாகவே தோன்றும். ஆனால் பதினாறு ஆண்டு இடைவெளியில் ஜப்பானில் நிகழ்ந்த இரு பெரும் நிலநடுக்கங்களும் அவற்றைத் தொடர்ந்து வந்த ஆய்வுகளும், அந்த முடிவு அம்மக்களின் மனச்சோர்வையும் நினைவாற்றலையும் முதுமையையும் ஆண்டுக்கணக்கில் பாதிக்கக்கூடிய ஒரு பொதுச் சுகாதார முடிவு என்பதைக் காட்டியிருக்கின்றன. மனநலத்தை மூளையின் வேதியியலாகவும் குடும்பச் சூழலாகவும் மட்டுமே பார்த்துப் பழகியவர்களுக்கு, தெருவும் அதில் வசிப்போரின் பரஸ்பரப் பழக்கமும் நோய்க்கும் நலத்துக்கும் காரணிகளாகின்றன என்பது புதிதாகத் தோன்றலாம். ஆய்வுலகுக்கோ இது நெடுங்காலப் பொருள். பிரெஞ்சு சமூகவியலாளர் எமில் துர்கைம், தற்கொலை பற்றி 1897இல் வெளியிட்ட நூலில், முற்றிலும் தனிமனிதரின் அந்தரங்கச் செயலாகத் தோன்றும் தற்கொலையின் விகிதங்கள்கூட, மக்கள் தம் சமூகத்தோடு எவ்வளவு இறுக்கமாகப் பிணைந்திருக்கிறார்கள் என்பதற்கேற்ப மாறுகின்றன என்று வாதிட்டார்.

1995 ஜனவரி 17 அதிகாலையில் கோபே நகரைத் தாக்கிய நிலநடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வீடிழந்தவர்களுக்காக 48,000க்கும் அதிகமான தற்காலிக வீடுகள் விரைந்து கட்டப்பட்டன. நகருக்குள் காலி நிலம் குறைவாக இருந்ததால் அவற்றில் பல, புறநகர்ப் பகுதிகளிலும் கடலை நிரப்பி உருவாக்கிய நிலங்களிலும் அமைந்தன. வீடுகளை ஒதுக்கும்போது முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் முன்னுரிமை தரப்பட்டது, பாரபட்சம் என்ற பேச்சுக்கு இடமில்லாதபடி குலுக்கல் முறையும் கையாளப்பட்டது. இந்த ஏற்பாட்டின் நோக்கத்தில் எவரும் குறை காண முடியாது. மிகவும் நலிந்தவர்கள் முதலில் கூரைக்கடியில் சேர வேண்டும் என்ற அக்கறையே அதை வடிவமைத்தது. ஆயினும் அதன் விளைவாக உருவான குடியிருப்புகளில், வயதானவர்களும் நோயுற்றவர்களும், முன்பின் அறியாத அயலாருக்கு நடுவே, தம் பழைய மருத்துவரிடமிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் கோயிலிலிருந்தும் வெகுதொலைவில், பெருந்தொகையாகக் குவிந்துவிட்டனர்.

அங்கே ‘கொதொகுஷி’ என்று ஜப்பானியர் அழைக்கும் தனிமைச் சாவுகள் நிகழத் தொடங்கின. ஒருவர் தம் வீட்டுக்குள் துணையின்றி இறந்து, எவரும் தேடாத நிலையில் பல நாட்கள் கழித்துக் கண்டெடுக்கப்படுவதை இச்சொல் குறிக்கும். தற்காலிக வீடுகள் முற்றிலும் அகற்றப்படும் வரையிலான சுமார் ஐந்து ஆண்டுகளில் இத்தகைய மரணங்கள் 200ஐக் கடந்தன. இறந்தவர்களில் முதியோர் மட்டுமல்லாது, வேலையையும் குடும்பத்தையும் இழந்து குடிப்பழக்கத்தில் அமிழ்ந்த நடுத்தர வயது ஆண்களும் கணிசமாக இருந்தனர் என்பது ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி. பசியாலோ குளிராலோ அவர்கள் இறக்கவில்லை. உணவும் கூரையும் நிவாரணமும் கிடைத்த பிறகே இறந்தார்கள். நாலு நாளாகக் கதவு திறக்கவில்லையே என்று ஒரு முறை தட்டிப் பார்க்க, குடித்துவிட்டுக் கிடப்பவரைக் கண்டிக்க உரிமையுள்ள ஓர் அயலார், அந்த நிவாரணப் பட்டியலில் இடம்பெறவில்லை.

அதே நகரின் நாகத்தா வட்டாரத்தில் உள்ள மானோ என்ற பகுதி, இதற்கு நேர்மாறான ஒரு நிலையைக் காட்டியது. 1960களில் தொழிற்சாலை மாசுக்கு எதிராகத் திரண்ட காலம்தொட்டு அப்பகுதி மக்கள் ஒன்றுகூடித் திட்டமிடவும் செயல்படவும் பழகியிருந்தனர். நிலநடுக்கத்தை அடுத்துத் தீ பரவியபோது, அருகிலிருந்த மிகுரா பகுதியில் வீடுகள் பெருமளவில் எரிந்து போக, மானோவில் குடியிருந்தோர் வரிசையாக நின்று கைக்குக் கை வாளி கடத்தித் தீயைக் கட்டுப்படுத்தினர். கட்டட அமைப்பாலோ பொருளாதார நிலையாலோ பெரிதும் வேறுபடாத இரு பகுதிகளின் கதி இவ்வாறு பிரிந்தது, பேரிடர் ஆய்வாளர்களைப் பிற்காலத்தில் அவற்றை நோக்கி ஈர்த்தது.

எனினும் இத்தகைய ஒப்பீடுகள் எவ்வளவு அழுத்தமானவையாக இருந்தாலும், அறிவியல் அவற்றோடு நின்றுவிட முடியாது. உறவுகள் மிகுந்தவர்கள் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்று கண்டறிந்தால், உறவு நலத்தைத் தந்ததா, நலமாக இருந்ததால் உறவுகள் அமைந்தனவா என்ற கேள்வி உடனே எழும். மனச்சோர்வின் அடையாளங்களுள் ஒன்று ஒதுங்குதல். சோர்வுற்றவர் அழைப்புகளைத் தவிர்க்கிறார், வாசலுக்கு வருவதைக் குறைக்கிறார், வருவோரும் மெல்ல விலகுகிறார்கள். ஆகவே ஒரே ஒரு முறை கேள்வித்தாளை நீட்டி, நண்பர்கள் எத்தனை பேர், மனம் எப்படி இருக்கிறது என்று சேர்த்துக் கேட்கும் ஆய்வு, காரணத்தையும் விளைவையும் பிரித்தறிய உதவாது. இடர் நேர்வதற்கு முன்பே மக்களின் உறவு நிலையையும் மனநிலையையும் பதிவு செய்துவிட்டு, பின்னர் அதே மனிதர்களைத் தொடர்ந்து கவனிப்பதே இதற்கு வழி.

நீண்டகாலத் தொடர் ஆய்வுகளில் இத்துறைக்கு அடித்தளமிட்டது கலிபோர்னியாவின் அலமேடா கவுண்டியில் 1965இல் தொடங்கிய ஆய்வு. 6,928 பேரின் ஒன்பது ஆண்டுத் தரவுகளை லிசா பெர்க்மனும் லெனார்ட் சைமும் 1979இல் ஆராய்ந்தபோது, திருமணம், நட்பு, உறவினர், சமயக் குழு, சங்கம் என எவ்வகைப் பிணைப்பும் குறைந்தவர்கள் அக்காலத்தில் இறக்கும் வாய்ப்பு, பிணைப்பு மிகுந்தவர்களைவிட ஆண்களில் 2.3 மடங்கும் பெண்களில் 2.8 மடங்கும் இருந்தது. தொடக்கத்திலிருந்த உடல்நலம், புகைப்பழக்கம், வருமானம் போன்றவற்றைக் கணக்கில் கொண்ட பிறகும் தொடர்பு நீடித்தது. லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களை ஆராய்ந்த ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும், கடும் இழப்பையோ நெருக்கடியையோ சந்தித்தவர்களுள் மனம்விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இருந்த பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரும், அப்படி ஒருவர் இல்லாத பெண்களில் பத்தில் நால்வரும் மனச்சோர்வுக்கு ஆளானதைக் கண்டனர். ஆனால் முன்னது பெரும்பாலும் மரணத்தைப் பற்றியது, பின்னது இல்லத்துக்குள் அமையும் நெருக்கத்தைப் பற்றியது. தெருவும் ஊரும் தம்மளவில் மனத்தைக் காக்கின்றனவா என்பதற்கான மிகத் தெளிவான சான்று, எவரும் வேண்டிப் பெறாத ஒரு துயரத்தின் வழியாகவே கிடைத்தது.

ஜப்பானின் வடகிழக்கில், சென்டாய் நகருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்தது இவானுமா. 2010 ஆகஸ்டில், நாடு தழுவிய முதுமையியல் ஆய்வொன்றின் பகுதியாக, இந்நகரில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன அனைவருக்கும் விரிவான கேள்வித்தாள் அனுப்பப்பட்டது. அயலாரை நம்பலாமா, தேவைப்படும்போது அவர்கள் உதவுவார்களா, இந்த ஊரோடு எவ்வளவு ஒட்டுதல், எத்தனை முறை நண்பர்களைச் சந்திக்கிறீர்கள், எந்தக் குழுக்களில் பங்கேற்கிறீர்கள் என்பன போன்ற கேள்விகளும், மனச்சோர்வின் அறிகுறிகளை அளக்கும் கேள்விகளும் அதில் இடம்பெற்றிருந்தன. ஏழு மாதங்கள் கழித்து, 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் சுனாமியும் தாக்கி, நகரின் நிலப்பரப்பில் ஏறத்தாழ பாதி கடல்நீரில் மூழ்கியது. 180 பேர் அளவில் உயிரிழந்தனர். ஹிரோயுகி ஹிகிச்சி, இச்சிரோ கவாச்சி, கட்சுனோரி கோண்டோ முதலிய ஆய்வாளர்கள் 2013இல் அதே முதியவர்களைத் தேடிச் சென்று மீண்டும் கேட்டபோது 3,500க்கும் மேற்பட்டோர் பதிலளித்தனர். பேரிடருக்கு முன்னும் பின்னும் ஒரே மனிதர்களைப் பற்றிய அளவீடு கையில் இருப்பது உலக அளவில் அரிது. ஆய்வாளர்கள் இதை இயற்கைச் சோதனை என்று அழைப்பர், அதாவது எந்த அறவுணர்வுள்ள விஞ்ஞானியும் திட்டமிட்டுச் செய்ய முடியாத ஒரு மாற்றத்தை நிகழ்வுகளே ஏற்படுத்திவிட, அதன் விளைவை முறையாக அளப்பது.

முதல் முடிவு, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் பற்றியது. உயிருக்கு ஆபத்தான நிகழ்வொன்றைக் கண்டவர்கள் மாதங்கள் கடந்தும் அதைக் கனவிலும் நனவிலும் திரும்பத் திரும்ப அனுபவிப்பதும், சிறு ஓசைக்கும் திடுக்கிடுவதும், நினைவூட்டும் இடங்களைத் தவிர்ப்பதும் இந்நோயின் கூறுகள். பேரிடருக்கு முன்பே அண்டை அயலாரிடம் நம்பிக்கையும் ஒட்டுதலும் மிகுந்திருந்தவர்களுக்கு இவ்வறிகுறிகள் குறைவாக இருந்தன. அதைவிட ஆழமான கண்டுபிடிப்பு ஒன்றும் உண்டு. ஒருவரின் சொந்த நம்பிக்கை எப்படி இருந்தாலும், அவர் வசித்த பகுதி ஒட்டுமொத்தமாக ஒற்றுமை மிகுந்ததாக இருந்தால், அவருக்கும் ஒரு பாதுகாப்பு கிட்டியது. பழகும் குணமுள்ளவர்கள் இயல்பிலேயே மனவலிமை பெற்றவர்கள், ஆகவே இது ஆளுமையின் விளைவே என்று சொல்லிக் கடந்துவிட முடியாதபடி இந்த இரண்டாவது செய்தி தடுக்கிறது. சமூக அறிவியலாளர்கள் ‘சமூக மூலதனம்’ என்று கூறுவது இத்தகைய பொதுச் சொத்தையே: மக்களிடையே நிலவும் நம்பிக்கை, கைம்மாறு கருதும் வழக்கம், தொடர்புகளின் வலை ஆகியவற்றின் தொகுப்பு அது; அதை வளர்க்கத் தாம் எதுவும் செய்யாதவரும் அதன் நிழலில் ஒதுங்க முடியும்.

இரண்டாவது முடிவு இன்னும் எதிர்பாராதது. வீடு பெருஞ்சேதம் அடைந்த முதியவர்களின் நினைவாற்றலும் சிந்தனைத் திறனும் மற்றவர்களைவிட விரைந்து சரிந்தன. ஆனால் உற்றாரையோ நண்பரையோ பறிகொடுத்ததற்கும் அச்சரிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. மரணத் துயரைவிட வீட்டிழப்பு மூளையைக் கூடுதலாகப் பாதிப்பது எப்படி என்று ஆராய்ந்தபோது, மனச்சோர்வும், நண்பர்களோடும் அயலாரோடும் பழகுவது குறைந்ததும் இடைநிலைக் காரணிகளாக நின்றன. வீடு இடிந்தவர் இடம்பெயர்கிறார். இடம்பெயர்ந்தவர் காலைநேரப் பேச்சுத்துணையை இழக்கிறார். துக்கம் கேட்க வருவோர் இருக்கும் வரை துக்கத்தைத் தாங்க முடிகிறது, வருவோரே இல்லாத இடத்தில் அதுவும் இயலாமல் போகிறது என்று இம்முடிவை விளங்கிக்கொள்வதில் தவறில்லை.

மூன்றாவது முடிவே கோபேயின் கேள்விக்கு நேரடியான விடை. கோபேயிலிருந்து பாடம் கற்றிருந்த இவானுமா நகராட்சி, வீடிழந்த கடலோரச் சிற்றூர்களின் மக்களைக் கூடியவரை ஊர் ஊராகவே தற்காலிகக் குடியிருப்புகளில் குடியமர்த்தியது. மற்றவர்கள் குலுக்கல் வழியாகவோ சொந்த முயற்சியாலோ தனித்தனியே வீடு தேடிக்கொண்டனர். இவ்விரு பிரிவினரையும் ஒப்பிட்டு 2017இல் வெளியான ஆய்வு, தனியாக இடம்பெயர்ந்தவர்களிடம் நண்பர் சந்திப்பும் குழுப் பங்கேற்பும் குறைந்ததையும், கூட்டாக இடம்பெயர்ந்தவர்களிடம் அவை பேரிடருக்கு முந்தைய நிலையைவிடவும் கூடியதையும் காட்டியது. எல்லாவற்றையும் இழந்த மக்களின் உறவு வாழ்வு முன்பைவிடச் செழித்தது என்பது முரணாகத் தோன்றினாலும், பழகிய முகங்கள் அருகருகே வசிப்பதும், பொதுக்கூடம் கைக்கெட்டும் தொலைவில் இருப்பதும், எதிர்காலத்தைச் சேர்ந்து திட்டமிட வேண்டிய தேவையும் ஒன்றுகூடினால் அது நிகழக்கூடியதே. கடலோரத்தின் ஆறு சிற்றூர்களும் பின்னர் தமௌரா-நிஷி என்ற புதிய நகர்ப்பகுதிக்குச் சேர்ந்தே குடிபெயர்ந்தன. வீட்டுமனைகளின் அமைப்பையும் பூங்காவின் இடத்தையும் பற்றிய கலந்தாலோசனைகளில் குடியிருப்போரும் பங்கெடுத்தனர்.

அயலாரின் இருப்பு மனத்துக்குள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு இரு விளக்கங்கள் உண்டு. 1985இல் ஷெல்டன் கோஹனும் தாமஸ் வில்ஸும் அவற்றைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினர். ஒன்று, நேரடி விளைவு: நெருக்கடி ஏதும் இல்லாத நாளிலும், தமக்கு ஓர் இடமும் பொறுப்பும் உண்டு என்ற உணர்வு, நேரத்துக்கு உண்பது முதல் மருந்து எடுப்பது வரை வாழ்வை ஒழுங்கில் வைக்கிறது. மற்றொன்று, தாங்கல் விளைவு: வண்டியின் வில் பள்ளத்தின் அதிர்வை உட்கார்ந்திருப்பவரிடம் சேராமல் உள்வாங்குவதைப்போல, இடர் வரும் வேளையில் மட்டும் உறவு அதன் தாக்கத்தைக் குறைக்கிறது. அச்சுறுத்தலைச் சந்திக்கும் மூளை, உடனிருப்பவரைத் தன் வலிமையின் பகுதியாகவே கணக்கிடுகிறது என்பதற்கு, ஜேம்ஸ் கோன் குழுவினர் 2006இல் வெளியிட்ட சிறிய ஆய்வு ஒரு சான்று. மணமான பதினாறு பெண்களை மூளைப் படமெடுக்கும் கருவிக்குள் படுக்கவைத்து, சிறு மின்னதிர்ச்சி வரக்கூடும் என்று எச்சரித்தபோது, கணவரின் கையைப் பற்றியிருந்த வேளையில் அவர்களிடம் அச்சத்துக்குரிய மூளைச் செயல்பாடு தணிந்திருந்தது. முன்பின் அறியாதவரின் கைகூட ஓரளவு உதவியது. சிறிய ஆய்வு என்பதால் இதன்மேல் பெரிய கோட்பாடு எதையும் எழுப்புவது முறையாகாது. ஆயினும் உதவி கிடைக்கும் என்ற உறுதியே உடலின் அபாய எச்சரிக்கையைத் தணிக்கிறது என்ற கருத்துக்கு அது இசைவாக இருக்கிறது.

இவ்வளவையும் படித்தபின், நெருக்கமான ஊர் எப்போதும் நன்மையே என்ற முடிவுக்கு விரைவது பெரும்பிழை. கவாச்சியும் பெர்க்மனும் 2001இல் எழுதிய மதிப்பாய்வொன்று, வசதி குறைந்த பெண்களுக்கு உறவுகள் சில வேளை மனநோய் அறிகுறிகளை அதிகரிக்கவும் கூடும் என்று சுட்டிக்காட்டியது. எல்லோருக்கும் ஆதரவு தரும் கடமை அவர்கள் தலையில் விழ, அவர்களுக்குத் திரும்பக் கிடைப்பது குறைவாக இருப்பதே காரணம். அமெரிக்காவின் பர்மிங்ஹாம் நகரில் வறிய பகுதியொன்றை ஆராய்ந்தவர்களும், தம்மையொத்தவர்களோடு பிணைப்பு மிகுதியாக உள்ளோரிடம் மனவேதனை கூடியிருந்ததையே கண்டனர். எல்லோரும் ஒன்றுபோலவே வறுமையில் வாடும் தெருவில் உறவு என்பது ஒருவர் சுமையை மற்றவரும் சுமப்பதாகிவிடுகிறது. ஒத்தவர்களுக்குள் அமையும் பிணைப்பு மட்டும் போதாது, வேறுபட்டவர்களோடு பாலமாகும் உறவும், அதிகாரத்தில் உள்ளவர்களை எட்டும் தொடர்பும் வேண்டும் என்று சமூக மூலதனத்தை மூவகையாகப் பிரிப்பது இதனால்தான்.

இந்தப் பாகுபாட்டைத் தமிழ்நாட்டின் கடற்கரை தெளிவாக விளக்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோர் மடிந்தனர். டோக்கியோ, கோபே, நியூ ஆர்லியன்ஸ் ஆகியவற்றோடு தமிழ்நாட்டையும் ஒப்பிட்டு 2012இல் நூல் எழுதிய அரசியல் அறிவியலாளர் டேனியல் ஆல்ட்ரிச், மீனவக் கிராமங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகள் நிவாரணப் பட்டியலைத் தயாரித்தும் அரசோடும் தொண்டு நிறுவனங்களோடும் பேசியும் தம் ஊர்களை விரைந்து மீட்டதைப் பதிவு செய்தார்; அதே வலிமை, பஞ்சாயத்தின் வரம்புக்கு வெளியே இருந்த தலித் மக்களையும், ஆண் துணையற்ற பெண்களையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதையும் எழுதினார். உள்ளே இருப்பவரின் மனத்தைக் காக்கும் அதே பிணைப்பு, வெளியே நிற்பவருக்குத் துயரத்தின் மேல் அவமானத்தையும் சேர்க்கிறது. சாதியால் வரையப்பட்ட தெருக்களைக் கொண்ட நாட்டில், ஊர் ஒற்றுமையைப் புகழும் எவரும் இதைப் பேசாமல் விடுவது நேர்மையாகாது.

பிணைப்பு அறுந்த சமூகத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் எழுதியவற்றையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். போரும் திரும்பத் திரும்ப நேர்ந்த இடப்பெயர்வும் வடஇலங்கையில் தனிமனிதர்களைக் காயப்படுத்தியதோடு, குடும்பத்தையும் ஊரையும் தாங்கிய நம்பிக்கையையும் வழக்கங்களையும் சிதைத்தன என்றும், ஆகவே ஒவ்வொருவருக்கும் தனித்தனியே மருந்தும் ஆலோசனையும் தருவது போதாமல், கூட்டு மனவடுவுக்குக் கூட்டு மருத்துவம் தேவை என்றும் அவர் வாதிட்டார். சடங்குகள், திருவிழாக்கள், துக்கம் அனுசரிக்கும் உரிமை ஆகியவை அந்த மருத்துவத்தின் பகுதிகளாகின்றன.

சென்னைக்கு இந்த அறிவியல் வெறும் செய்தியல்ல. 2000ஆம் ஆண்டுக்குப் பின் கூவம், அடையாறு கரைகளிலிருந்தும் நகரின் நடுப்பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களுக்குக் குடிபெயர்க்கப்பட்டன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் இப்பெயர்ப்பு வேகம் கொண்டது. அவர்கள் இழந்தவை பற்றிய விவாதம் பெரும்பாலும் வேலை, பள்ளி, பேருந்து, தண்ணீர் ஆகியவற்றைச் சுற்றியே நிகழ்கிறது; அவை யாவும் உண்மையான இழப்புகளே. ஆனால் வீட்டுவேலைக்குப் போகும் தாய் குழந்தையை விட்டுச் செல்லும் பக்கத்து வீட்டுப் பாட்டி, சீட்டுப் பணத்தை நம்பிக் கொடுக்கக்கூடிய தெருக்காரர், கணவன் குடித்துவிட்டு அடிக்கும் இரவில் ஓடிப்போய் நிற்கக்கூடிய வாசல் ஆகியவை எந்த இழப்பீட்டுக் கணக்கிலும் வருவதில்லை. அடுக்குமாடியில் மாடியும் கதவு எண்ணும் குலுக்கலில் தீர்மானிக்கப்படும்போது, ஒரே சந்தில் முப்பது ஆண்டு வாழ்ந்த நான்கு குடும்பங்கள் நான்கு கட்டடங்களுக்குச் சிதறுகின்றன. கோபேயில் போலவே இங்கும் அது நடுநிலைமையின் பெயராலேயே நடக்கிறது.

இதை மாற்றப் பெருஞ்செலவு ஏதும் தேவையில்லை. குடிபெயர்ப்புக்கு முன் வீடு வீடாக எடுக்கப்படும் கணக்கெடுப்பில் குடும்ப அட்டை எண்ணோடும் கைரேகையோடும் சேர்த்து, யார் அருகில் இருக்க விரும்புகிறீர்கள் என்ற ஒரு கேள்வியையும் கேட்டு, தெருவாரியாகக் குழுக்களை அமைத்து, குலுக்கலைத் தனிக் குடும்பங்களுக்குப் பதிலாக அக்குழுக்களுக்கு நடத்தினால், பாரபட்சமின்மையும் காக்கப்படும், அக்கம்பக்கமும் காக்கப்படும். அந்தக் கேள்வியை வீட்டுத் தலைவரிடம் மட்டும் கேட்காமல் பெண்களிடமும் முதியவர்களிடமும் தனித்தனியே கேட்பதும், பட்டியலில் பெயரில்லாத வாடகைக் குடியிருப்போரையும் தனியாக வாழ்வோரையும் குழுக்களில் சேர்ப்பதும், எந்தச் சாதிக் குழுவும் ஒரு கட்டடம் முழுவதையும் தனதாக்கிக்கொள்ளாதபடி வரம்பு வைப்பதும், நாகப்பட்டினத்தின் அனுபவத்துக்குப் பின் தவிர்க்கக் கூடாத முன்னெச்சரிக்கைகள்.